பேஸ்மெண்ட்டுக்கு இறங்கிய சிக்னல்

பிரிஜட் அக்கா எங்கள் கம்பெனிக்கு வந்தது பெட்டி கட்டும் வேலைக்கு. 1986 மார்ச் மாதம். சிங்கப்பூரில், ரங்கூன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கீழே காப்பிக்கடை. முதலாளி காதர் மைதீன் பாய், லண்டனில் இன்ஜினியரிங் படித்தவர். டெலிவிஷன் ஆன்டெனா, இண்டர்காம், ஒலிபெருக்கி என்று கட்டடத்துக்குள் கம்பி இழுக்கிற வேலை எதுவானாலும் எடுத்துச் செய்வார். நான் அவரிடம் ஆன்டெனா ஆள். பெயர் துரைசாமி. எழுபத்து நாலிலிருந்து தோ பாயோ, குவீன்ஸ்டவுன் என்று அரசாங்க வீவக அடுக்குமாடி புளோக்குகளின் மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியவன்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தேழு வயது. நாலடி பத்து அங்குலம் இருந்தால் அதிகம். ஃபேரர் பார்க்கிலேயே பிறந்து, ஃபேரர் பார்க்கிலேயே வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகும் கிளாங் லேனில் மூவறை வீடு வாங்கி அதே வட்டாரத்தில் இருந்தவர். அப்பா லாசரஸ், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அக்கா ஞாயிறு தவறாமல் ஓஃபிர் ரோடு மாதா கோயிலுக்குப் போவார். ஆரம்பப்பள்ளியோடு படிப்பு நின்றுவிட்டது. இருபத்தோரு வயதில் ஜூரோங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய வேலை தங்கக் கம்பி ஒட்டுவது. விரல் நகத்தில் பாதி இருக்கும் சில்லு. அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே பக்கத்திலுள்ள உலோகக் காலில் ஒட்ட வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில். பதினைந்து வருஷம் அதைச் செய்தார். எண்பத்தைந்தில் பொருளாதாரம் படுத்தபோது ஃபேக்டரியில் அந்த லைனை மூடிவிட்டார்கள். மிச்சம் இருந்த லைனுக்குத் தானாகவே ஒட்டுகிற மெஷின் வந்தது.

"நான் கோவிச்சுக்கலை," என்று அக்கா அதைப் பற்றிச் சொல்வார். "அந்த மெஷினை நின்னு பாத்தேன். நல்லாத்தான் ஒட்டுச்சு."

அவர் கணவர் சூசைநாதன் அண்ணன் ஜூரோங்கில் கம்பெனி பஸ் ஓட்டுநர். இருவரும் பழகியதே அந்த பஸ்ஸில்தான். எழுபத்து இரண்டில் அக்கா தினமும் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போவாராம். அவர் தலை கம்பியில் இடிக்காமல் இருக்க அண்ணன் வளைவுகளில் மெதுவாகத் திருப்புவாராம். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம், "பொய். பஸ் பழசு, வேகமாத் திரும்பாது," என்று அக்கா வெட்டிவிடுவார்.

வேலை போன பிறகு அக்கா ஆறு மாதம் வீட்டில் இருந்தார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. எங்கள் கம்பெனியில் ஸ்டோருக்கு ஆள் வேண்டும் என்று கீழே காப்பிக்கடையில் யாரோ சொல்ல, மாடி ஏறி வந்து கேட்டார். அடுத்த நாளே பாய் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டோரில் அவர் சேர்ந்து ஐந்து மாதம் ஆனபோது ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதோடு ஒரு மனிதரும் வந்தார்.

கம்பி இனி கண்ணாடியாக மாறப்போகிறது என்று பாய் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபைபர் என்கிற கண்ணாடி இழை. செம்பில் மின்சாரம் போவது போல அதில் வெளிச்சம் போகும். எவ்வளவு தூரம் போனாலும் பெரிதாகக் குறையாது. பக்கத்தில் லிஃப்ட் மோட்டார் ஓடினாலும் அதில் கரகரப்பு ஏறாது. ஒரே சங்கடம், அந்த இழையை ஒட்டுவது. செம்புக் கம்பி என்றால் முறுக்கி ஈயம் வைத்தால் முடிந்தது. கண்ணாடி இழையின் இரண்டு முனைகளையும் நேராக வெட்டி, நேருக்கு நேராக நிறுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒன்றாக்க வேண்டும். வந்த பெட்டி அந்த மெஷின். வந்த மனிதர் இனோவே. இரண்டு வாரம் இருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர்.

பயிற்சிக்கு நான்கு ஆண்களைப் பாய் பொறுக்கினார். நானும் ஒருவன். ஏர்கான் அறையில் உட்கார்ந்தும் எங்களுக்குக் கை வியர்த்தது. மேலுறையை உரித்தால் இழை ஒடிந்தது. வெட்டினால் முனை கோணியது. முதல் நாளில் மட்டும் நான் பதினோரு இழையை ஒடித்தேன். ஒடிந்த துண்டு ஒன்று என் பெருவிரலில் ஏறி, இனோவே அதைப் பூதக்கண்ணாடி வைத்து எடுத்தார்.

மூன்றாவது நாள் பிரிஜட் அக்கா டிஷ்யூ பெட்டியும் ஆல்கஹால் பாட்டிலும் கொண்டுவந்து வைத்தார். வைத்தவர் போகவில்லை. என் பின்னால் நின்று பார்த்தார்.

"தொரை, நீ மூச்சு விட்டுக்கிட்டே வெட்டுற," என்றார்.

"மூச்சு விடாம எப்படிக்கா இருக்கிறது?"

"வெட்டுற நேரம் மட்டும் புடிச்சுக்க. தள்ளு, நான் ஒண்ணு போட்டுப் பாக்குறேன். பாய், போடலாமா?"

பாய் இனோவேயைப் பார்த்தார். இனோவே தோளைக் குலுக்கினார்.

அக்கா வளையலைக் கழற்றிப் பையில் போட்டார். நாற்காலியின் உயரத்தை ஏற்றினார். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அதன்பிறகு அவர் உடம்பில் விரல் நுனிகள் மட்டும்தான் அசைந்தன. உரித்தார், துடைத்தார், வெட்டினார், வைத்தார். பொறி ஒரு கணம் நீலமாகச் சீறி அடங்கியது.

இனோவே மீட்டரைப் பார்த்தார். இன்னொன்று என்று விரலைக் காட்டினார். அக்கா இன்னொன்று போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பு ஒன்பது ஒட்டுகள். ஒன்றுகூட ஒடியவில்லை. மீட்டரில் இழப்பு இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சாப்பிட்டுத் திரும்பியபோது இனோவே, தான் உட்கார்ந்திருந்த முதுகு வைத்த நாற்காலியை மெஷினுக்கு முன்னால் போட்டிருந்தார். அவருக்கு எங்கள் முக்காலி. அந்த இரண்டு வாரமும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் பாய் அக்காவிடம் கேட்டார். "ஏம்மா, இதெல்லாம் முன்னாடியே தெரியும்னு சொல்லவே இல்லையே?"

"நீங்க பெட்டி கட்டத் தெரியுமான்னுதானே கேட்டீங்க, பாய்."

அடுத்த இரண்டு வருஷம் சின்னச் சின்ன வேலைகள் வந்தன. எல்லா ஒட்டும் அக்காதான் போட்டார். ஆனால் ஆபீஸ் தாளில் அவர் பெயருக்கு நேரே 'ஸ்டோர் உதவியாளர்' என்றே இருந்தது. மாற்ற வேண்டும் என்று பாய்க்குத் தோன்றவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

எண்பத்தெட்டில் ஆஸ்பத்திரி வேலை வந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி. மூன்று கட்டடங்கள். மூன்றாவது கட்டடத்துக்குக் கீழே இரண்டு மாடி ஆழத்துக்கு பேஸ்மெண்ட். எக்ஸ்ரே, சலவை, சமையல், டாக்டர்கள் சாப்பிடும் கேண்டீன் எல்லாம் அங்கேதான். அந்த நாளில் டாக்டர்கள் எல்லாரும் இடுப்பில் பேஜர் கட்டியிருப்பார்கள். யாராவது தேடினால் அது பீப் பீப் என்று கத்தும். உடனே பக்கத்து டெலிபோனுக்கு ஓடிக் கேட்க வேண்டும். ஆனால் அந்த பேஸ்மெண்ட்டுக்குள் இறங்கினால் பேஜர் செத்துவிடும். அவ்வளவு கான்கிரீட்டைத் தாண்டி வானொலி அலை உள்ளே வராது.

எங்களை முதலில் பேஸ்மெண்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் பூவம்மா என்ற வார்டு அட்டெண்டண்ட். ஐம்பது வயது இருக்கும். பேஜர் கத்தாத டாக்டர்களைத் தேடிப் பிடிப்பது அவர் வேலையாகிவிட்டிருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ இறங்கி ஏறுறேன் தெரியுமா?" என்றார் படியில் இறங்கிக்கொண்டே. "லிஃப்ட் வர்றதுக்குள்ள பேஷண்ட்டுக்கு வயசாயிடும். அதான் படி. மேல இருந்து கூப்பிடுவாங்க, பூவம்மா, டாக்டரைக் காணோம், போய்ப் பாருன்னு. நானும் எக்ஸ்ரே பாத்து, கேண்டீன் பாத்து, கடைசியில பாத்தா மனுஷன் டாய்லெட்ல இருப்பாரு. நான் வெளிய நின்னு கத்தணும்."

பாய் போட்ட திட்டம் இதுதான். முதல் கட்டடத்தின் உச்சியில் ஒரு ஆன்டெனா. அது வெளியிலிருந்து வரும் பேஜர் அலையைப் பிடிக்கும். அதை ஒரு பெட்டி வெளிச்சமாக மாற்றும். அந்த வெளிச்சம் கண்ணாடி இழை வழியாக மூன்று கட்டடங்களையும் தாண்டி பேஸ்மெண்ட்டுக்கு இறங்கும். அங்கே இன்னொரு பெட்டி வெளிச்சத்தைத் திரும்ப அலையாக மாற்ற, கூரையில் பொருத்திய சின்ன ஆன்டெனா அதைப் பரப்பும். எக்ஸ்ரேவுக்கு ஒரு இழை, சமையலுக்கு ஒன்று, சலவைக்கு ஒன்று, கேண்டீனுக்கு ஒன்று. செம்புக் கேபிளில் அத்தனை தூரம் அனுப்பினால் வழியிலேயே தேய்ந்துவிடும்.

ஆஸ்பத்திரி தரப்பில் வேலையை மேற்பார்த்தவர் மிஸ்டர் கோ என்ற ஆலோசகர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தேடும் மனிதர். கெட்டவரல்ல. எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். ஒட்டு போடுவது யார், எந்த ஊர் சர்ட்டிபிகேட் என்று அவர் கேட்டபோது பாய், "எங்கள் ஆள், ஜப்பானியரிடம் பயிற்சி பெற்றவர்," என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அது பொய்யில்லை.

ஆறு வாரம் வேலை நடந்தது. கேபிள் இழுத்துக் கட்டும் வேலை எனக்கும் என் ஆட்களுக்கும். ஒட்டு அக்காவுக்கு. படிக்கட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு, தூசி வராமல் அதற்குள் மேசை போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு ஒட்டையும் அளந்து, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதிவைப்பார். பூவம்மா மதியம் வந்து ஷீட்டுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவார். உள்ளேயிருந்து பதில் வராவிட்டால் அக்கா மூச்சைப் பிடித்திருக்கிறார் என்று அவருக்கும் பழகிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

வேலை முடிந்து சோதனை போட்டோம். சமையலறையில் பேஜர் கத்தியது. கேண்டீனில் கத்தியது. சலவையில் துணி மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தியது. எக்ஸ்ரே பகுதியில் மட்டும் கத்தவில்லை. வாசலில் ஒரு தடவை கத்தும், உள்ளே நாலடி வைத்தால் நின்றுவிடும்.

பெட்டிகளை மாற்றிப் பார்த்தோம். ஆன்டெனாவை மாற்றிப் பார்த்தோம். வெளிச்சம்தான் வழியில் எங்கேயோ குறைகிறது என்று தெரிந்தது. மிஸ்டர் கோ உடனே ஒட்டில்தான் கோளாறு என்றார். ஒட்டுபவரைப் பார்க்க வேண்டும் என்றார். பிளாஸ்டிக் ஷீட்டை விலக்கி அக்காவைக் காட்டியதும் கண்ணாடி அவர் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. இவரா என்று கேட்டார். பிறகு, வியாழக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் எல்லா ஒட்டையும் வெட்டிவிட்டு வெளிநாட்டு ஆளை வைத்துத் திரும்பப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று செவ்வாய்.

நான் அப்போது செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாயைத் தனியாகப் பார்த்து, "அக்காவை அந்த லைன் ஜாயிண்ட்டை எல்லாம் ஒரு தடவ திரும்பப் போடச் சொல்லலாமா, பாய்?" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் கேட்டேன். ஆனால் அக்கா பின்னால் நின்றிருந்தார்.

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார்.

"எக்ஸ்ரே லைன்ல அஞ்சு ஜாயிண்ட். போட்ட அன்னிக்கே அளந்து எழுதியிருக்கேன். இப்பவும் அளங்க, பாய். நம்பர் மாறியிருந்தா நானே வெட்டிட்டு வீட்டுக்குப் போறேன்."

அளந்தோம். ஐந்தும் எழுதியபடியே இருந்தன.

"அப்ப ஜாயிண்ட்ல இல்ல," என்றார் அக்கா. "நடுவுலதான் எங்கேயோ ஒழுகுது."

"நடுவுல எங்கம்மா? நானூறு மீட்டர் கேபிள். முக்கால்வாசி சீலிங்குக்கு மேல," என்றார் பாய்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "இனோவே ஒரு செவப்பு லைட்டுப் பெட்டி விட்டுட்டுப் போனாருல. ஒரு முனையில ஏத்தினா அடுத்த முனையில செவப்பாத் தெரியுமே, அது. அவரு காட்டினப்ப நான் இழையைச் சும்மா விரல்ல சுத்திப் பாத்தேன். ரொம்ப வளைச்சா வளைச்ச இடத்துல செவப்பு வெளிய கசிஞ்சுச்சு. நம்ம உள் கேபிள் மஞ்சத் தோல் மெல்லிசுதான். இருட்டா இருந்தா வெளிய தெரியும்."

"சீலிங்குக்கு மேல இருட்டுதான்," என்றேன்.

"அதான் சொல்றேன். ஏணி கொண்டா."

மறுநாள் காலை எட்டரைக்கு ஆரம்பித்தோம். சிவப்பு வெளிச்சத்தை எக்ஸ்ரே இழையில் ஏற்றிவிட்டோம். மூன்றாவது கட்டடத்தின் கீழ்த்தள நடைபாதை முழுக்க, பலகை பலகையாகத் தொங்கும் ஃபால்ஸ் சீலிங். ஆறடிக்கு ஒரு பலகையைத் தூக்கி, அக்கா தலையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கீழேயிருந்து ட்யூப்லைட் வெளிச்சம் ஏறாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டார். சூசைநாதன் அண்ணன் கிழிந்த குடை ஒன்றிலிருந்து வெட்டிக் கொடுத்த துணி. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஏணியின் மேல் தலையில்லாமல் நிற்கும் ஒரு பெண். தள்ளுகட்டிலில் போன ஒரு சீனத் தாத்தா எழுந்து உட்கார்ந்தே பார்த்தார். அவரைத் தள்ளிக்கொண்டு போன பூவம்மா, "படுங்க அங்கிள், அவங்களுக்குத் தலை இருக்கு," என்று மலாயில் சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

"இங்க இல்ல," என்று கூரைக்குள்ளிருந்து அக்காவின் குரல் வரும். இறங்குவார். ஏணியைத் தள்ளுவோம். ஏறுவார். "இங்கயும் இல்ல." பதினைந்து பலகை, இருபது பலகை. அவர் முகம் முழுக்க வெள்ளைத் தூள். தும்மல் வேறு. கொஞ்சம் உட்காருங்கள் என்று சொன்னால், "உக்காந்தா முட்டி புடிச்சுக்கும்," என்று மறுபடி ஏறினார்.

இருபத்து மூன்றாவது பலகையில் அவர் குரல் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அக்கா?"

"இறங்குறேன். நீ ஏறிப் பாரு, தொரை."

ஏறிப் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு. எக்ஸ்ரே அறைக்குத் திரும்பும் இடத்தில், உத்திரத்தின் ஓரத்தில், பற்றவைத்த சிகரெட் நுனி அளவுக்குச் சிவப்பு. கேபிள் அங்கே செங்கோணமாக மடங்கியிருந்தது. மடங்கிய இடத்தை கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் வார் ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தது. டையின் மிச்ச வால் சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. எங்கள் ஆட்கள் எல்லாரும் நேராக வெட்டுவார்கள். சாய்வாக வெட்டுவது நான் ஒருவன்தான்.

பன்னிரண்டு வருஷம் மொட்டைமாடியில் கேபிள் கட்டியவன் நான். அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். உத்திரத்தில் ஒட்டி மடக்கி, கை வலிக்க இறுக்கினால்தான் நிற்கும். செம்பு அதைத் தாங்கும். கண்ணாடி தாங்காது என்று இனோவே எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். கைக்கு அது ஏறவில்லை.

இறங்கினேன்.

"அக்கா, அது நான் கட்டினது."

"தெரியும்லா. வேற யாரு இத்தனை பலமா கட்டுவா? கட்டரைக் கொடு."

"நான் பாய்கிட்ட உங்க ஜாயிண்ட்டைத் திரும்பப் போடச் சொன்னேன்."

"அதுவும் தெரியும். நான்தான் பின்னால நின்னேனே. கட்டரைக் கொடுக்கிறியா, நான் பல்லால கடிக்கவா?"

மேலே ஏறி டையை வெட்டினார். கேபிளை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளைத்துத் தளர்வாகத் தொங்கவிட்டார். சிவப்பு அணைந்துபோனது. சிவப்பு விளக்கைக் கழற்றிப் பழைய இணைப்பைக் கொடுத்துவிட்டு, பூவம்மாவிடம் ஒரு பேஜரைத் தந்து எக்ஸ்ரே அறையின் கடைசி மூலையில் நிற்கச் சொன்னோம். டெலிபோனில் அழைத்தோம். அரை நிமிஷத்தில் பூவம்மா அந்தப் பேஜரைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இது நிக்க மாட்டேங்குது. எதை அமுக்கணும்?"

பாயிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தொரை, சீலிங்குக்குள்ள காத்து அடிக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு மிஸ்டர் கோவிடமும் என்னையே சொல்லவைத்தார். எனக்கு வந்த இங்கிலீஷில் நான் சொல்லி முடித்ததும், மொத்தம் எத்தனை டை கட்டினீர்கள் என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றையும் தளர்த்துங்கள் என்றார். அன்று சாயங்காலம் வரை நானும் என் ஆட்களும் நூற்றுத் தொண்ணூற்றாறு டைகளை வெட்டித் திரும்பக் கட்டினோம். எந்த வேலையும் பாக்கி இல்லாத அக்கா எதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, "சும்மா வீட்டுக்குப் போனா சமைக்கணும்," என்றார்.

வியாழக்கிழமை ஒப்படைப்புச் சோதனை. வரைபடத்தில் குறித்த நாற்பது இடங்களில் மூன்று தடவை அழைத்தால் பேஜர் மூன்று தடவையும் கத்த வேண்டும். பூவம்மா தானாகவே வந்து, வரைபடத்தில் இல்லாத ஆறு இடங்களைச் சேர்த்துக்கொடுத்தார். "சலவைக்குப் பின்னாடி அந்தத் தூண் இருக்குல, அங்கயும் நின்னு பாருங்க. டாக்டருங்க அங்கதான் ஒளிஞ்சு சிகரெட் குடிப்பாங்க." மிஸ்டர் கோ அதையும் பேனாவால் குறித்துக்கொண்டார். நாற்பத்தாறு இடத்திலும் கத்தியது.

கடைசித் தாளில் இன்னார் வடிவமைத்தது, இன்னார் ஒட்டியது, இன்னார் சோதித்தது என்று மூன்று கோடுகள். பாய் முதல் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் இரண்டாவதிலும் பேனாவை வைக்கப் போனார். மிஸ்டர் கோ அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். தாளைத் திருப்பி அக்காவின் பக்கம் தள்ளினார். பெயருக்குக் கீழே பதவியும் எழுத வேண்டும் என்றார்.

அக்கா 'பிரிஜட் சூசைநாதன்' என்று எழுதினார். பிறகு பாயை நிமிர்ந்து பார்த்தார். "பதவின்னா என்ன எழுதறது, பாய்? ஸ்டோருன்னா?"

பாயின் முகம் சிவந்துபோனது. "டெக்னீஷியன்னு எழுதும்மா. சீனியர் டெக்னீஷியன்."

"ஸ்பெல்லிங் சொல்லுங்க. தப்பா எழுதிட்டு அப்புறம் மாத்த முடியாது."

பாய் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அக்கா ஒட்டு போடும்போது இருப்பதைப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அடுத்த வாரம் ஆபீஸ் தாளிலும் அப்படியே மாறியது. சூசைநாதன் அண்ணன் அந்த மாதம் முழுக்கத் தன் பஸ்ஸில் ஏறிய பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்களில் பாதிப்பேர் அக்காவோடு தங்கக் கம்பி ஒட்டியவர்கள். இரண்டு பேர் ரங்கூன் ரோட்டுக்கே வந்து, வேலை இருக்குமா என்று கேட்டார்கள். இருந்தது.

ஒப்படைத்த அன்று மதியம் நாங்கள் அந்த பேஸ்மெண்ட் கேண்டீனிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ஒரு பெரிய டாக்டர், தலை நரைத்த தமிழர், தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் வைத்துக்கொண்டு முதல் வாயை எடுத்தார். இடுப்பில் பேஜர் கத்தியது. அவர் அதைக் குனிந்து பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை. தட்டிப் பார்த்தார். மறுபடி கத்தியது. எழுந்து சுவர் டெலிபோனுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தவர், எங்கள் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார்.

"இது உங்க வேலையா?"

"ஆமா, டாக்டர்," என்றார் அக்கா பெருமையாக.

"இருபது வருஷமா இந்த ஆஸ்பத்திரியில ஆறாம சாப்பிட ஒரே இடம் இதுதான் இருந்துச்சு. கெடுத்துட்டீங்களேம்மா."

தட்டை அப்படியே விட்டுவிட்டுப் படியேறி ஓடினார். அக்காவுக்கு வருத்தமாகிவிட்டது. மேசையில் கிடந்த ஒரு மூடியை எடுத்து அவர் தட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தபோது நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். பொம்பளைப் பிள்ளை, தாயும் சேயும் நலம், தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்று அவராகவே எங்களிடம் சொன்னார். பிறகு மூடியைத் திறந்து பார்த்து, "ஆறலையே," என்று உட்கார்ந்து சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதிதாக எழும் அலுவலகக் கட்டடம், முப்பத்தெட்டு மாடி, கீழே மூன்று மாடி கார் பார்க். ஆலோசகர் மிஸ்டர் கோ. ஒட்டுபவர் திருமதி பிரிஜட்டாக இருக்க வேண்டும் என்று கடிதத்திலேயே அடித்திருந்தார்கள். பாய் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப் போனார். அக்கா வாங்கி ஃபைலில் போட்டார்.

இடத்தைப் பார்க்க நானும் அக்காவும் டோபி காட் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து எம்ஆர்டி பிடித்தோம். ரயில் ஓட ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்கு அது இரண்டாவது பயணம். தஞ்சோங் பகாரில் மேலே ஏறி வந்ததும், தன் அப்பா சைக்கிளில் வேலைக்குப் போன ரோடு இதுவா அதுவா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிடிபடவில்லை. பெரிதாகக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. கட்டடத்தின் எலும்புக்கூடு எதிரே நின்றது. உச்சியில் கிரேன் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா கழுத்தை வளைத்து மாடிகளை எண்ண ஆரம்பித்தார். பதினேழோ பதினெட்டோ வந்தபோது எண்ணிக்கை தவறிவிட்டது.

"லிஃப்ட் போட்டப்புறம் நம்ம வேலையை ஆரம்பிக்கச் சொல்லியிருக்காங்களா, இல்ல முன்னாடியேவா?"

"முன்னாடியே," என்றேன்.

அக்கா பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, காவலாளியிடம் படி எந்தப் பக்கம் என்று கேட்கப் போனார்.